வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கும் வகுப்பு: யூத மழலையர் வாரத் திட்டம் புதுச்சேரிக்குத் தேறுமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். யூத மழலையர் வகுப்புகளுக்கென்று ஆங்கிலத்தில் கிடைக்கும் வாரச் செயல்பாட்டுத் தொகுப்புகளில் பாதியை நம் ஊர் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். மீதிப் பாதி ஜெராக்ஸ் காகிதத்துக்குப் பிடித்த கேடு. எது எந்தப் பாதி என்று பிரித்துக் காட்டுவதற்குத்தான் இந்த விமர்சனம். லாஸ்பேட்டையிலோ ரெட்டியார்பாளையத்திலோ முப்பது பிள்ளைகள் உட்காரும் ஓர் அறை, ஒரு மிஸ், ஓர் ஆயா, ஓவன் இருந்தால் பாக்கியம் என்ற கணக்கில் எழுதியிருக்கிறோம்.

யூதப் பள்ளியே இல்லாத ஊருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். 'உலகக் குழந்தைகள்' என்று ஒரு தலைப்பு எல்லாப் பள்ளிகளிலும் வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. வழக்கமாகக் கொடி வரைந்து, மாறுவேடம் போட்டு முடித்துவிடுகிறார்கள். அதற்கு மாற்றாக ஒரு வாரம் முழுக்க ஓடும் சரக்கு இதில் உண்டு. அதைவிடப் பெரிய காரணம் வாரத்தின் கட்டுமானம். எபிரேய மொழியில் கிழமைகளுக்குத் தனிப்பெயர் கிடையாது. ஞாயிறு 'முதல் நாள்', திங்கள் 'இரண்டாம் நாள்', இப்படியே வெள்ளி 'ஆறாம் நாள்' வரை எண்ணிக்கைதான். பெயர் பெற்ற ஒரே நாள் ஷபாத், அதாவது ஓய்வு நாளான சனி. அதுவும் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போதே தொடங்கிவிடுகிறது. அதனால் வெள்ளி முற்பகலில் வகுப்பில் ஒரு சின்ன ஷபாத் விருந்து நடக்கும். வாரத்தின் மற்ற நாள்களில் பிள்ளைகள் செய்வதெல்லாம் அந்த மேசைக்குப் போய்ச் சேரும்.

நம் வாரத் திட்டங்களை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். திங்கள் பழங்கள், செவ்வாய் வாகனங்கள், புதன் நல்ல பழக்கம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு 'அடுத்த வாரம்' என்றால் புரியாது. 'நேற்று நீ சாயம் அடித்த துணியால்தான் வெள்ளிக்கிழமை ரொட்டியை மூடப்போகிறோம்' என்றால் உடனே புரியும். இந்தத் தொகுப்புகளின் நிஜமான பலம் இதுதான்.

இஸ்ரேலில் மழலையர் பள்ளி ஞாயிறு முதல் வெள்ளி வரை நடக்கும். கிடைக்கும் தொகுப்புகள் பெரும்பாலும் அமெரிக்க வகுப்புகளுக்காக எழுதப்பட்டவை. திங்கள் முதல் வெள்ளி வரை என்பதால் நமக்கும் தோதாக இருக்கிறது.

திங்கட்கிழமை: வாசனைப் பை

ஷபாத் முடிந்து வழக்கமான வாரம் தொடங்குவதைக் குறிக்கும் சடங்கில் வாசனைப் பொருள்களை முகர்வார்கள். கிராம்பும் பட்டையும் அதில் முக்கியம். அதையொட்டித் திங்கள் காலையில் முகர்ந்து கண்டுபிடிக்கும் விளையாட்டு. அமெரிக்க மிஸ்கள் இதற்குக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். நமக்குப் பெரிய மார்க்கெட்டில் ஒரே கடையில் வேலை முடிந்துவிடும். பழைய வேட்டித் துணியில் உள்ளங்கை அகலத் துண்டுகள் வெட்டி, கிராம்பு, பட்டை, ஏலக்காய், சோம்பு, காய்ந்த ஆரஞ்சுத் தோல் என ஐந்து முடிச்சுகள் கட்டினால் போதும். பொடி எதையும் கட்டக் கூடாது. மிளகுப் பொடியோ சுக்குப் பொடியோ துணியைத் தாண்டி மூக்கில் ஏறினால் அன்றைய வகுப்பு தும்மலில்தான் முடியும். ஏலக்காயை லேசாகத் தட்டித்தான் கட்ட வேண்டும், முழுதாக இருந்தால் வாசனை வராது. மூன்று முடிச்சுக்கு மேல் தொடர்ந்து முகர்ந்தால் பெரியவர்களுக்கே மூக்கு மழுங்கிவிடும். நடுவில் ஒரு பாட்டோ கைதட்டலோ வைத்துவிட்டு மற்ற இரண்டுக்குப் போகலாம்.

அன்றைக்கே 'நல்ல செயல் சீட்டு' வருகிறது. வாரக் கடைசியில் பிள்ளை வீட்டில் செய்த ஓர் உதவியைப் பெற்றோர் எழுதி அனுப்ப வேண்டும். அதைச் சுவரில் உள்ள மரத்தில் இலையாக ஒட்டுவார்கள். அருமையான யோசனை, ஆனால் நம் பெற்றோர் 'சமத்தாக இருந்தாள்', 'நன்றாகச் சாப்பிட்டான்' என்றே எழுதுவார்கள். வெற்றுச் சீட்டாகக் கொடுக்காமல் '______க்கு ______ எடுத்துக் கொடுத்தேன்' என்று கோடு போட்டுக் கொடுத்தால் யாருக்கு, என்ன என்பது வந்துவிடும். இன்னொரு சிக்கலைத் தொகுப்புகள் கண்டுகொள்வதே இல்லை. சீட்டு கொண்டுவராத பிள்ளை மரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். புதன்கிழமைக்குள் மிஸ்ஸே வகுப்பில் கண்ட ஒரு உதவியை எழுதி அந்த இலையை ஒட்டிவிட வேண்டும்.

எழுத்துப் பயிற்சி: இங்கேதான் காகிதம் வீணாகிறது

எபிரேயத்தில் 22 எழுத்துகள். எல்லாம் மெய், உயிர் ஒலிகளைப் புள்ளியும் கோடுமாகக் கீழேயோ மேலேயோ போடுவார்கள். வலமிருந்து இடம் எழுத வேண்டும். வாரம் ஒரு எழுத்து என்பது அங்குள்ள முறை. அலெஃப், பெத் என்று அகரவரிசையிலேயே போகிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் நாலைந்து ஒர்க்‌ஷீட்: புள்ளியைத் தொட்டு எழுது, வண்ணம் அடி, வெட்டி ஒட்டு.

நம் பிள்ளைகளுக்கு இந்த ஒர்க்‌ஷீட் ஒன்றுகூட வேண்டாம். தமிழையும் ஆங்கிலத்தையும் இடமிருந்து வலம் எழுதிப் பழகும் அதே மாதங்களில் மூன்றாவதாக ஒரு எழுத்தை எதிர்த்திசையில் எழுதவைத்தால் 'b', 'd' குழப்பத்துக்கு நாமே எண்ணெய் வார்ப்பது போலாகும். ஒரே எழுத்து, அதையும் களிமண்ணில் உருட்டி வைத்தால் போதும். வில்லியனூர்க் களிமண் இருக்கும்போது கடை மாவு எதற்கு? உப்பும் மைதாவும் கலந்து வீட்டில் செய்யும் விளையாட்டு மாவு இந்தக் கடற்கரைக் காற்றில் இரண்டாம் நாளே நசநசக்கும். உப்பு ஈரத்தை இழுப்பதுதான் காரணம். தொகுப்பு 'மூன்று மாதம் கெடாது' என்று சொன்னால் அது வேறு ஊர்க் கணக்கு.

எழுத்து வரிசை விஷயத்தில் நம் பழைய முறையே ஒரு படி மேல். ட, ப, ம என்று கோடு எளிதாக வரும் எழுத்தில் தொடங்கும் வழக்கம் இங்கே உண்டு. அங்கே வரிசைப்படி போவதால் பெத்தும் காஃபும், தாலெத்தும் ரேஷும் பிள்ளைகளுக்குக் குழம்பும். மூலை கூர்மையாக நீண்டிருந்தால் ஒன்று, வளைந்திருந்தால் மற்றொன்று, வித்தியாசம் அவ்வளவே. நம் ண, ன தகராறு மாதிரிதான். எடுத்துக்கொள்ள வேண்டியது 'வாரம் ஒரு எழுத்து' என்ற நிதானம். உயிர் 12, மெய் 18 என்று வைத்தால் 30 வாரம். ஒரு கல்வியாண்டில் தாராளமாக அடங்கும்.

முதன்முதலில் எழுத்துக் கற்கும் பிள்ளைக்குப் பலகையில் தேன் தடவி நக்கக் கொடுப்பது யூதர்களின் பழைய வழக்கம். விஜயதசமியன்று அரிசியில் 'அ' எழுதிய பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

கதை நேரம்

யூதர்களின் வேத நூலான தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து, ஒரு ஆண்டில் படித்து முடிப்பார்கள். அந்த வாரத்துப் பகுதியிலிருந்துதான் வகுப்புக் கதை. அக்டோபர் வாக்கில் சுற்று மறுபடி தொடங்கும். இரண்டாம் பகுதியே நோவாவின் வெள்ளம். கவனியுங்கள், நமக்கு வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரம் அது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த பிள்ளைகள் கடலூரிலும் இங்கேயும் வகுப்பில் இருப்பார்கள். ஊரெல்லாம் மூழ்கிய கதையை அவர்களிடம் விரித்துச் சொல்வது தேவையில்லாத வேலை. படகு கட்டியது, விலங்குகள் ஜோடி ஜோடியாக ஏறியது, புறா ஒலிவ இலையோடு திரும்பியது என்று சொன்னால் கதையும் குறையாது.

கூடவே வரும் படகுச் சோதனை நல்ல சோதனை. 15 சென்டிமீட்டர் சதுர அலுமினியத் தாளில் நான்கு ஓரத்தையும் 3 சென்டிமீட்டர் மடித்து மூலையைக் கிள்ளினால் 9-க்கு 9 அளவில் ஒரு தோணி. கணக்குப்படி சுமார் 240 கிராம் தாங்கும். நடைமுறையில் பாதிகூடத் தாங்காது, ஏனென்றால் தொகுப்பு கோலிகுண்டு போடச் சொல்கிறது. கோலி உருண்டு ஒரு பக்கம் சேரும், அந்த ஓரம் தாழும், தண்ணீர் ஏறும், கவிழும். புளியங்கொட்டை போட்டால் போட்ட இடத்தில் கிடக்கும், எண்ணிக்கையும் பத்து பத்தாக வரும். கோலியில் ஒரு தரம், கொட்டையில் ஒரு தரம் செய்து, ஏன் இது கவிழ்ந்தது என்று கேட்டால் யு.கே.ஜி. பிள்ளைகள் பதில் சொல்லிவிடுவார்கள். எதையும் வாயில் போடும் வயது என்றால் இரண்டுமே வேண்டாம்.

ரொட்டி மூடும் துணி

ஷபாத் மேசையில் ரொட்டியைத் துணியால் மூடி வைப்பார்கள். முதல் வாழ்த்து திராட்சை ரசத்துக்குச் சொல்லப்படுவதால், காத்திருக்கும் ரொட்டி வெட்கப்படக் கூடாதாம். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? வெள்ளைக் கைக்குட்டையில் துணிச் சாயத்தால் கைரேகை பதிப்பதுதான் வேலை. தொகுப்பு இதைப் புதனுக்கு வைக்கிறது. நவம்பர், டிசம்பரில் அது போதாது. சாயம் காய இரண்டு நாள் ஆகும், ஈரத்தோடு மடித்தால் ஒட்டிக்கொள்ளும். செவ்வாயன்றே முடித்து, காய்ந்த பின் மறுபக்கமாக இஸ்திரி போட்டுவிடுங்கள்.

புதனில் காலியாகும் நேரத்துக்குப் பின்னல் பயிற்சி. பரீட்சை அட்டையின் கிளிப்பில் மூன்று நிற ரிப்பனை மாட்டி, 'வலது நடுவுக்கு, இடது நடுவுக்கு' என்று சொல்லிக்கொண்டே பின்ன வேண்டும். சடை பின்னுவது தெரிந்த ஊர் இது, சொல்லித்தர ஆள் பஞ்சமில்லை. இதைத் தாண்டினால்தான் மறுநாள் மாவில் கை வைக்கலாம்.

வியாழக்கிழமை: ஹலா

ஒரு வாரத்தில் ஒரே ஒரு செயல்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஹலா என்பது பின்னிச் சுடும் ஷபாத் ரொட்டி. முதல் ஒலி தொண்டையிலிருந்து வரும். 'அஃது' என்பதை அழுத்திச் சொன்னால் கிட்டத்தில் வருவோம்.

இருபது சிறு பின்னல்களுக்கு மைதா 500 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 60 கிராம், உப்பு 9 கிராம், முட்டை 2, சூரியகாந்தி எண்ணெய் 60 மில்லி, வெதுவெதுப்பான தண்ணீர் 160 முதல் 180 மில்லி. முட்டை சேர்க்காத வீடுகளும் வகுப்பில் இருக்கும் என்பதால் முட்டையை விட்டுவிட்டுத் தண்ணீரை 250 மில்லியிலிருந்து தொடங்கலாம். அப்படி முட்டையில்லாமல் செய்யும் ஹலாவும் யூதர்களிடம் உண்டு, தப்பில்லை. வெண்ணெயும் பாலும் சேர்ப்பதில்லை. இறைச்சியோடு பால் பொருளைக் கலந்து உண்ணக் கூடாது என்பது அவர்கள் விதி, ரொட்டி எந்தச் சாப்பாட்டுக்கும் பொருந்த வேண்டும்.

தொகுப்புகள் தரும் தண்ணீர் அளவை மழைக்காலத்தில் அப்படியே ஊற்றினால் மாவு கையை விடாது. மைதா ஏற்கெனவே காற்றின் ஈரத்தை இழுத்திருக்கும். முதலில் 150 மில்லி ஊற்றிப் பிசைந்து, மீதியைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்க வேண்டும். பிள்ளைகள் கையில் மைதா தடவ வேண்டாம், எண்ணெய் தடவுங்கள். மாவைத் தூவத் தூவ ரொட்டி கல்லாகும். ஈஸ்ட்டும் உப்பும் நேரடியாக ஒன்றின்மேல் ஒன்று விழக் கூடாது. தண்ணீரைக் குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பது போல மணிக்கட்டில் விட்டுப் பாருங்கள், சுட்டால் ஈஸ்ட் செத்தது. பிரித்த ஈஸ்ட் பாக்கெட் இந்த ஊர் அலமாரியில் நாளாக ஆக வலுவிழக்கும். ஃப்ரீசரில் இறுக்கி மூடி வையுங்கள், செய்யும் நாளில் ஒரு சிட்டிகையைச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நுரை வரவில்லையென்றால் வேறு பாக்கெட்.

பெரிய வித்தியாசம் நேரத்தில்தான். 'வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்' என்று அச்சடித்திருப்பார்கள். நம் அறை முழுக்கவே வெதுவெதுப்புதான். 32 டிகிரியில் 40, 45 நிமிடத்தில் மாவு இரட்டிப்பாகும். இரண்டு மணி நேரம் விட்டால் புளித்த வாடை வரும், பின்னல் அடுப்பில் விரியாமல் சப்பையாகும். கடிகாரத்தை நம்பாமல் விரலால் அழுத்திப் பாருங்கள். குழி மெல்ல மேலே வந்தால் சரி. சட்டென்று நிரம்பினால் இன்னும் பொறுக்கணும். அப்படியே கிடந்தால் நேரம் கடந்துவிட்டது.

பிறகு 45 கிராம் உருண்டைகள். ஒவ்வொன்றையும் மூன்றாகக் கிள்ளி 15 சென்டிமீட்டர் கயிறாக உருட்டுவது யு.கே.ஜி.க்கு வரும். உருட்ட உருட்டச் சுருங்கினால் மாவு முரண்டு பிடிக்கிறது என்று அர்த்தம். பத்து நிமிடம் மூடி வைத்தால் பணியும். எல்.கே.ஜி.க்கு மூன்று கயிறு முடியாது. ஒரே நீளக் கயிறு, ஒரு முடிச்சு, அவ்வளவுதான். ஒவ்வொரு பின்னலுக்கும் கீழே பெயர் எழுதிய பட்டர் பேப்பர் துண்டு அவசியம். மறந்தால் வெள்ளிக்கிழமை 'என்னுது, உன்னுது' பஞ்சாயத்துதான். பேனா மை சூட்டில் பரவும், பென்சிலால் எழுதுங்கள்.

இன்னும் 25 நிமிடம் ஊறவிட்டு 180 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். வீட்டு ஓவன் தட்டில் ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டுதான் அடங்கும். முப்பது பிள்ளை என்றால் மாவு 750 கிராம், மூன்று ஈடு. காத்திருக்கும் மூன்றாவது தட்டு வெயில் அறையில் அளவு மீறிப் பொங்கிவிடும். அதை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்பதைப் பார்த்த தொகுப்புகளில் ஒன்றும் சொல்லவில்லை. மதியம் சூளை ஓய்வாக இருக்கும் பேக்கரி தெருவுக்கு ஒன்று இருக்கும் ஊர் இது. முன்கூட்டியே கேட்டுவைத்தால் முப்பதும் ஒரே ஈட்டில் முடியும்.

மேலே எள் தூவுவது அங்கே வழக்கம். ஷபாத்துக்கு எள்ளா என்று எந்தப் பாட்டியாவது புருவம் தூக்கினால் கசகசா தூவுங்கள், அதுவும் அங்கே வழக்கம்தான்.

வெள்ளி மேசை

வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுவத்தி, திராட்சைச் சாறு, மூடிய இரண்டு ரொட்டி. ஏன் இரண்டு? பாலைவனத்தில் வானிலிருந்து விழுந்த மன்னா என்ற உணவு வெள்ளியன்று மட்டும் இரண்டு பங்கு விழுந்ததாகக் கதை. ஷபாத்தில் காசைத் தொட மாட்டார்கள், எனவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் உண்டியலில் நாணயம் போடுவது நடக்கும். வில்லியனூர் மண் உண்டியல் இதற்கு அளவெடுத்தது போல இருக்கிறது. மூன்று வயதுக்குக் கீழே என்றால் நாணயமே கூடாது. நம்மிடம் உள்ள பெரிய நாணயங்களான 10, 20 ரூபாயே 27 மில்லிமீட்டர்தான். சுமார் 32 மில்லிமீட்டர் குழாய்க்குள் நுழையும் எதுவும் தொண்டையை அடைக்கும் என்பது பொம்மைப் பாதுகாப்புக் கணக்கு.

மெழுகுவத்திக்கு பேட்டரி விளக்கு. சாறுக்குப் பன்னீர் திராட்சையை வேகவைத்து வடிகட்டி, தலைக்கு 30 மில்லி. கறை போகாது, யூனிஃபார்முக்கு மேல் பழைய சட்டை போட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு வாரமும் ஒரு பெண் பிள்ளை 'ஷபாத் அம்மா', ஒரு ஆண் பிள்ளை 'ஷபாத் அப்பா'. இதை நாங்கள் ஏற்கவில்லை. 'இன்றைய வீட்டுக்காரர்கள் இரண்டு பேர்' என்று யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம். அதைவிட முக்கியமான ஒன்று: தொகுப்பில் அச்சடித்திருக்கும் வாழ்த்து வழிபாட்டு வரிகளைச் சொல்லவைக்க வேண்டாம். அவை ஒரு சமூகத்தின் நிஜப் பிரார்த்தனை. நம் பிள்ளைகள் அதை நாடகமாகச் செய்வது அவர்களுக்கும் மரியாதையில்லை, நம் வீடுகளுக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். 'ஷபாத் ஷலோம்' என்ற வணக்கம் போதும். என்ன செய்யப்போகிறோம், என்ன செய்ய மாட்டோம், ரொட்டியில் முட்டை உண்டா இல்லையா என்று முந்தின வாரமே டைரியில் எழுதி அனுப்பிவிடுவது நல்லது.

வருடத்தில் சிதறிக் கிடப்பவை

எட்டு நாள் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவைத் தொகுப்பு 'டிசம்பர்' என்று போட்டுவிடுகிறது. நாள் நகரும்: 2024-ல் டிசம்பர் 25 மாலை, 2025-ல் டிசம்பர் 14 மாலை தொடங்கியது. தீபாவளி நகர்வது போலத்தான். கார்த்திகை முடிந்து மீந்த அகல்கள் ஒன்பது இருந்தால் விளக்கு வரிசை தயார்: எட்டு நாளுக்கு எட்டு, அவற்றை ஏற்றும் உதவி விளக்கு ஒன்று. முதல் நாள் 2, கடைசி நாள் 9, மொத்தம் 44. கூட்டிப் பார்க்க நல்ல கணக்கு. அந்தப் பண்டிகையில் நாலு முகப் பம்பரத்தைச் சாட்டை இல்லாமல் விரலால் சுண்டுவார்கள். தொகுப்பிலுள்ள காகித வார்ப்பை ஒட்டினால் சுற்றாது, காம்பு நடுவில் நிற்காததுதான் கோளாறு. அட்டையின் இரண்டு மூலைவிட்டங்களும் வெட்டும் புள்ளியில் துளையிட்டால் சுற்றும்.

மரங்களின் புத்தாண்டான து பிஷ்வாத் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் வருகிறது. அன்று பார்ஸ்லி விதைத்துப் பஸ்கா பண்டிகை விருந்துக்கு அறுப்பார்கள். நாம் கொத்தமல்லி போடலாம். தனியாவை இரண்டாக உடைத்து இரவு ஊறவைத்து விதைத்தால் பத்து நாளுக்குள் முளைக்கும். முழுசாகப் போட்டுவிட்டு முளைக்கவில்லை என்று காத்திருப்பதுதான் எல்லா வகுப்பிலும் நடக்கிறது.

பால், இறைச்சி, இரண்டும் இல்லாதது என்று படங்களை மூன்று வட்டங்களில் பிரிக்கும் ஒர்க்‌ஷீட் ஒன்றே ஒன்று உருப்படி. மீனும் முட்டையும் மூன்றாவது வட்டம் என்றதும் கடலோரப் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள்; வரட்டும், வகைப்படுத்தல் அப்போதுதான் மூளையில் ஏறும். அதைக்கூடக் கருப்பு வெள்ளையில் ஒரே பிரதி எடுத்துத் தரையில் சாக்பீஸ் வட்டம் போட்டுச் செய்யலாம், முப்பது கலர் பிரிண்ட் தண்டம்.

மீந்த ரொட்டியைத் திங்கட்கிழமைக்கு வைக்காதீர்கள். மூன்றாம் நாள் பூஞ்சை வரும். முட்டை சாப்பிடும் வீடுகளுக்கு, சனிக்கிழமை காலை பம்பாய் டோஸ்ட் போடச் சொல்லிப் பையிலேயே அனுப்பிவிடலாம்.